பன்னிரண்டு கிலோ பெட்டி

சின்ன காஞ்சிபுரம்
14.7.2024

அன்புத் தம்பி கோதண்டபாணிக்கு,

அக்கா சம்பூர்ணம் எழுதுகிறேன். வரதர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ, தேவிப்ரியா, குழந்தை யுவன் எல்லாரும் சுகம்தானே? ஓசூர்க் குளிர் உன் நெஞ்சுக்கு ஆகாது. காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

துளசிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு தென்னேரி. பையன் பேர் ஆனந்தகுமார். பார்க்க லட்சணமாக இருக்கிறான், சாப்பாட்டில் மட்டும் கொஞ்சம் நோண்டல். ஆவணியில் கடைசி முகூர்த்தம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் காது மந்தமான எனக்கு நேரில் என்றால் வாயைப் பார்த்துப் புரிந்துவிடும், போனில் ஒன்றும் விளங்குவதில்லை. நீ கத்த, நான் கத்த, தெருவே கூடிவிடும். மெசேஜ் போடச் சொல்லலாமென்றால் வீட்டில் இருக்கும் டச் போன் மருமகள் கையில். அவள் படிக்காமல் எனக்கு எதுவும் வந்து சேராது.

பாலாஜி கட்டிக்கொண்டு வந்த அந்த சுகாசினியைத்தான் சொல்கிறேன். முசரவாக்கத்துப் பெண். நம் ஆட்கள் இல்லை, உனக்குத்தான் தெரியுமே. வந்து ஒன்றரை வருஷமாகிறது, கேட்டதற்குப் பதில், மற்ற நேரம் வாய் திறப்பதில்லை. சத்தம் போட்டுச் சண்டை போடுகிறவளைக்கூட நம்பலாம், இப்படி மூடிக்கொண்டு இருப்பவளை எப்படி நம்புவது? துளசி நகைப்பெட்டிச் சாவியை நான் இடுப்பைவிட்டு இறக்குவதே இல்லை.

தாய்மாமன் என்று நீ ஒருத்தன்தான் இருக்கிறாய். பாலாஜி கல்யாணத்துக்கு நீயும் வரவில்லை, சீரும் வரவில்லை. "குடோன்ல சூப்பர்வைசர்னு சொன்னியே, எங்கடி உன் தம்பி சீரு?" என்று உன் மாமா கேட்டுக் கேட்டே என்னைக் கரித்துக் கொட்டினார். என் ஓரகத்தியின் அண்ணன் மேளதாளத்தோடு தட்டு எடுத்து வந்ததை இந்தத் தெரு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லைப்பா. சின்னதாக இருந்தாலும் போதும். நாலு பேர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால் சரி.

பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடாதே. எதிர்க் கடை மணியம்மாள் பேருக்குப் போடு.

உன் அக்கா
சம்பூர்ணம்

&nbsp;

ஓசூர்
5.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, இல்லை வாங்கி அலமாரியில் வைத்துப் பூஜை செய்கிறாயா? மாமாவுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா?

துளசி கல்யாணச் செய்தி படித்து ஒரே சந்தோஷம். தூக்கி வளர்த்த பெண். தேவிப்ரியாவிடம் படித்துக் காட்டினேன், அவளும் கண் கலங்கினாள்.

நேரில் வரமுடியும் என்று தோன்றவில்லை அக்கா. பண்டிகை சீசன் தொடங்கிவிட்டது. லீவு என்று வாயைத் திறந்தால் நாளையிலிருந்து வராதே என்பார்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

சீரைப் பற்றி நீ கவலைப்படாதே. பார்சலில் அனுப்புகிறேன். பெரிய பெட்டியாக வரும். மாமா வீட்டில் இருக்கும்போது, சொந்தக்காரர்கள் இருக்கும்போது, பந்தலுக்கு நடுவில் இறக்கச் சொல். எல்லாரும் பார்க்கட்டும். பிறகு உள் அறைக்கு எடுத்துப்போய் நீ மட்டும் நிதானமாகப் பிரித்துக்கொள். கல்யாணக் கூட்டத்தில் பிரிக்க வேண்டாம். திருஷ்டி என்று ஒன்று இருக்கிறதல்லவா.

துளசிக்கு என் ஆசீர்வாதம்.

கோதண்டபாணி

&nbsp;

சின்ன காஞ்சிபுரம்
19.9.2024

தம்பிக்கு,

உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது, ஆனாலும் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் நலமா? கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. துளசி தென்னேரிக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். படித்துவிட்டுப் பதறாதே.

உன் பெட்டி வந்தது. பெருமாள் சந்நிதியில் பத்திரிகை வைக்க நாங்கள் எல்லாரும் போயிருந்த நேரத்தில் வந்தது. வீட்டில் இருந்தது சுகாசினி மட்டும். கையெழுத்துப் போட்டு வாங்கியது அவள். நாங்கள் திரும்பி வந்து பார்த்தால் கூடத்து நடுவில் பெட்டி பிரிந்து கிடக்கிறது! என்ன பெட்டி அது, அப்பப்பா. துளசியின் மெத்தை தலையணை எல்லாம் உள்ளே போகும். சுற்றிலும் காற்று அடைத்த பிளாஸ்டிக் பைகள், உப்பிய பூரி மாதிரி. அதற்கு நடுவில் சுகாசினி ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். என் சுண்டுவிரல் உயரம்கூட இல்லை.

"இவ்ளோதான் இருந்துச்சு அத்தை. நான் எதுவும் எடுக்கல" என்றாள்.

எடுத்தாயா என்று யாராவது கேட்டோமா? நாங்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கேட்பதற்கு முன்னாலேயே எடுக்கவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

உன் மாமா பெட்டிமேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். எடை பன்னிரண்டு கிலோ என்று அச்சடித்திருந்தது. பெட்டி, பை, சிமிழ் எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கி நம் தராசில் வைத்தார். ஒன்றரை கிலோவைத் தாண்டவில்லை. நம் வீட்டைப் பற்றி உனக்குத் தெரியும். பட்டு நூலையும் ஜரிகையையும் முதலாளியிடம் எடை போட்டு வாங்கி, நெய்த சேலையை எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் நாங்கள். போன எடை வரவில்லையென்றால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தத் தெருவில் வேறு கணக்கு கிடையாது.

கல்யாண வீடு என்பதால் அன்றைக்கு எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். இப்போது உன் மாமா கேட்கிறார், "மிச்சம் எங்க போச்சு?" நீ என்னென்ன வைத்து அனுப்பினாய் என்று ஒன்று விடாமல் எழுது. பதில் வந்ததும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

சம்பூர்ணம்

&nbsp;

ஓசூர்
16.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. யுவனுக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு. இப்போது பரவாயில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மழைக்காலம் வருகிறது, ஈரத் தரையில் நிற்காதே. தறிக்குழியில் தண்ணீர் ஊறுகிறதா? மாமாவைக் காலைக் காயவைத்துக்கொள்ளச் சொல். துளசி புகுந்த வீட்டில் சௌகரியமாக இருக்கிறாளா? மாப்பிள்ளை எப்படி?

நீ கேட்ட விஷயம். அக்கா, கொடுத்ததை வரிசையாக எழுதினால் சொல்லிக் காட்டுவது போல ஆகிவிடும். என் சக்திக்கு என்ன முடியுமோ அதை மனசார அனுப்பினேன். அது துளசிக்குப் போய்ச் சேர்ந்ததாகவே நினைத்துக்கொள்கிறேன். நடந்ததைக் கிளற வேண்டாம். கல்யாணம் நல்லபடியாக நடந்ததே, அது போதாதா?

மாமாவிடமும் அப்படியே சொல். யாரையும் எதுவும் கேட்க வேண்டாம்.

கோதண்டபாணி

&nbsp;

சின்ன காஞ்சிபுரம்
22.10.2024

என் தம்பிக்கு,

நீ நூறு வயது இருக்க வேண்டும். உன் கடிதத்தைப் படித்து மணியம்மாள் கடையிலேயே நின்று அழுதுவிட்டேன். கொடுத்ததைச் சொல்லிக் காட்டமாட்டேன் என்கிறாயே, இந்த மனசு யாருக்கு வரும்? உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர், "பரவால்லடி, பெரிய மனுஷன்தான் உன் தம்பி" என்றார். எனக்குத் தலை நிமிர்ந்தது.

நீ சொல்லாவிட்டால் என்ன, நாங்களே கண்டுபிடித்துவிட்டோம். ஒரு ஜோடிக் குத்துவிளக்கு, கூட ஒரு பித்தளைக் குடம். உன் மாமா பாத்திரக்கடையில் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார். எடை கச்சிதமாக வருகிறது. விளக்குத்தானே? தாய்மாமன் சீரில் விளக்கு இல்லாமல் இருக்குமா!

அதைத் தின்று ஏப்பம் விட்டவள் மட்டும் கல்லுளிமங்கி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். பெட்டி வந்த அன்றைக்கு மத்தியானமே அவள் அப்பன் முனுசாமி சைக்கிளில் வந்து வாழைத்தார் இறக்கிவிட்டுப் போனானாம். வரும்போது வாழைத்தார், போகும்போது என்ன கொண்டு போனான் என்று யார் பார்த்தது?

போன வெள்ளிக்கிழமை உன் மாமா அவளைத் தெருமுனை அம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டார். "கற்பூரத்தை ஏத்தி அணைச்சு, எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, நான் விட்டுடறேன்" என்றார். நியாயமாகத்தானே கேட்டார்? அவள் நிமிர்ந்து பார்த்து, "செய்யாத தப்புக்கு நான் எதுக்கு மாமா சத்தியம் பண்ணணும்?" என்று கேட்டாள். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, திரும்பி நடந்துவிட்டாள். மடியில் கனமில்லாதவளுக்கு ஒரு கற்பூரம் அணைக்க என்ன பயம் என்கிறேன்.

பாலாஜி ஒருத்தன்தான் இன்னும் அவள் பக்கம். "ஓசூர் மாமா வாயால சொல்லட்டும், அப்பறம் பாப்போம்" என்கிறான். நீ ஒரு வரி எழுதிப் போடு.

நெஞ்சுச் சளிக்குத் துளசி போட்டுக் கஷாயம் குடி.

அக்கா

&nbsp;

சின்ன காஞ்சிபுரம்
27.10.2024

ஓசூர் மாமா அவர்களுக்கு வணக்கம்.

பாலாஜியின் மனைவி சுகாசினி எழுதுகிறேன். நாம் பார்த்துக்கொண்டதில்லை. அத்தை உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கல்யாணப் பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதியது நான்தான், உங்கள் விலாசம் அதனால் தெரியும்.

பெட்டியை நான் பிரித்தது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். துளசி கோயிலிலிருந்து வந்ததும் எடுத்துக் காட்டி அவளை அசத்தலாம் என்று ஓர் ஆசை. வேறு காரணம் இல்லை. இந்த வீட்டில் என் கையால் ஒரு நல்ல காரியம் நடக்கட்டும் என்று நினைத்தேன்.

உள்ளே சிமிழைத் தவிர எதுவும் இல்லை. இது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

என் அப்பா வாழைத்தார் கொண்டுவந்ததைக்கூடத் தப்பாகப் பேசுகிறார்கள். இதே பெட்டியைத் துளசி பிரித்திருந்தால் தராசு வந்திருக்குமா என்று பாலாஜியிடம் கேட்டேன். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே சிலருக்கு அலமாரிச் சாவி நினைவுக்கு வந்துவிடுகிறது. நான் அதைப் பார்க்காத மாதிரி இருக்கப் பழகியிருந்தேன். இதை அப்படி விடமுடியாது.

நீங்கள் ஏன் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. உங்களுக்கு எழுதியதை மற்றவர்களிடம் சொல்லவும் மாட்டேன். அத்தைக்கு ஒரே வரி எழுதுங்கள் போதும். தீபாவளிக்குத் துளசியும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். அதற்குள் எழுதினால் நான் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுகாசினி

&nbsp;

ஓசூர்
17.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி நல்லபடியாகக் கழிந்ததா? துளசிக்குத் தலைதீபாவளி ஆயிற்றே, மாப்பிள்ளையை நன்றாகக் கவனித்திருப்பாய். இங்கே எங்களுக்குப் பண்டிகை அன்றும் ஷிப்ட். எனக்கு இருமல் விடவில்லை. நீ சொன்ன கஷாயம் குடிக்கிறேன். உன் முழங்காலைப் பற்றி நீ எழுதவே இல்லையே.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மருமகளை ரொம்பவும் வாட்டாதே அக்கா. சின்னப் பெண். வெளியிலிருந்து வந்தவள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கோபம் சட்டென்று வந்துவிடும். விளக்கு என்ன விளக்கு, போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். குடும்பம் கலையக் கூடாது. நீ பெரியவள், அவளை மன்னித்துவிடு. நானும் மன்னித்துவிட்டேன் என்று மாமாவிடம் சொல்.

இத்தோடு இந்தப் பேச்சை முடித்துக்கொள்வோம்.

கோதண்டபாணி

&nbsp;

சின்ன காஞ்சிபுரம்
25.11.2024

தம்பிக்கு,

நீங்கள் நலமா? இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. ஆனால் வீடு வீடாக இல்லை.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் எல்லாரையும் உட்காரவைத்து பாலாஜியையே படிக்கச் சொன்னேன். "நானும் மன்னித்துவிட்டேன்" என்ற இடம் வந்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. அதுவரை அவளுக்காக எங்களிடம் மல்லுக்கு நின்றவன். காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசலுக்குப் போய்விட்டான்.

சுகாசினி அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. உள்ளே போய்த் துணிமணியை ஒரு சூட்கேஸில் எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் வாசலுக்குப் போகாமல் நேராகத் தராசிடம் போனாள். சூட்கேஸைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

"எடை பாத்துக்கோங்க மாமா. தொறந்தும் பாத்துக்கோங்க. நாளைக்கு இதுலயும் ஏதோ போச்சுன்னு ஓசூர்லேந்து கடுதாசி வரப்போவுது."

உன் மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சூட்கேஸை இறக்கி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பாலாஜி கூடப் போகவில்லை. இப்போது அவன் என்னோடும் பேசுவதில்லை, அவன் அப்பாவோடும் பேசுவதில்லை. வருகிறான், தின்கிறான், படுக்கிறான்.

பீடை விட்டது என்று நான் நிம்மதியாக இருக்கவேண்டும். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தபோது வெள்ளித் தட்டைப் பூட்டிவைத்துக் காவல் இருந்தேனே, இனி அந்த வேலை இல்லை. ஆனால் தம்பி, அது என்ன, 'ஓசூரிலிருந்து கடுதாசி' என்று உன்னை இழுத்தாள்? உன்மேல் அவளுக்கு என்ன கோபம்? நீ மன்னித்தல்லவா எழுதினாய்? எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. உனக்கு ஏதாவது தெரியுமா?

அக்கா

&nbsp;

சின்ன காஞ்சிபுரம்
21.12.2024

கோதண்டபாணிக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. இந்தத் தடவை நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கவனமாகப் படி.

உன் மாமாவுக்கு இப்போதெல்லாம் ஜரிகை இழை சரியாகத் தெரிவதில்லை. பாலாஜி அவருக்கு ஒரு லென்ஸ் ஆர்டர் போட்டிருந்தான். அது நேற்று வந்தது. உன் மாமா சேலை கொடுக்கப் போயிருந்தார், பாலாஜி வேலைக்கு. நான் மட்டும்தான். லோகேஷ் என்று ஒரு பையன், எப்போதும் வருகிறவன், முக்காலி உயரத்துக்கு ஒரு பெட்டியை இறக்கிவிட்டுப் போனான். சீட்டில் ஆறு கிலோ என்று போட்டிருந்தது. பாத்திரம் ஏதாவது சேர்த்து வாங்கியிருக்கிறான் போலிருக்கிறது என்று ஆசையாகப் பிரித்தேன்.

ஒரே காற்றுப் பை. கிழித்துக் கிழித்துப் போட்டேன். அடியில் கையை விட்டுத் துழாவினேன். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு லென்ஸ் ஒன்று இருந்தது. வேறு எதுவும் இல்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன், இல்லை.

சீட்டை மறுபடி எடுத்துப் படித்தேன் தம்பி. ஆறு கிலோ என்று எழுதியிருக்கிறது, வாங்கினது நான், பிரித்தது நான், வீட்டில் வேறு ஆள் இல்லை. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினேன். எதற்குச் சாத்தினேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. பெட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

உன் மாமா வந்து கதவைத் தட்டினார். திறந்ததுமே, "நான் எதுவும் எடுக்கலைங்க" என்றேன். அவர் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பெட்டியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், லென்ஸைப் பார்த்தார். "உன்னை யாருடி கேட்டா? கம்பெனிக்காரனுக்குப் புத்தி கெட்டுப் போச்சி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். தராசுப் பக்கமே போகவில்லை! எனக்கென்றால் கம்பெனிக்காரன் பைத்தியக்காரன். அந்தப் பெண் என்றால் திருடி.

இன்றைக்குக் காலையில் லோகேஷை வழிமறித்துக் கேட்டேன். அவன் சிரித்தான். "அது உள்ள இருக்கிற சாமானோட வெயிட்டு இல்லம்மா. பொட்டி வண்டில எவ்ளோ இடத்தை அடைக்குதோ அதுக்குக் கணக்குப் பண்ணி கிலோ போடுவாங்க. வெறும் காத்து இருந்தாலும் அதே கிலோதான். சின்னச் சாமானுக்குப் பெரிய பொட்டி போட்டே எங்க முதுகை ஒடைக்கிறானுங்க" என்றான். "குடோன்ல வேலை பாக்குறவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்கம்மா" என்றான்.

குடோனில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்களாம். நான் கேட்டேனே, உன்னை. விளக்குத்தானே என்று கேட்டேனே. விளக்கு என்ன விளக்கு என்று எழுதினாயே, பாவி!

அந்தப் பெட்டியில் சிமிழைத் தவிர வேறு ஏதாவது வைத்தாயா? உண்டா, இல்லையா? முழங்கால் விசாரிப்பெல்லாம் வேண்டாம். அதை மட்டும் எழுது.

சம்பூர்ணம்

&nbsp;

ஓசூர்
4.1.2025

அக்கா,

இல்லை. வேறு எதுவும் வைக்கவில்லை.

நான் சூப்பர்வைசரும் இல்லை. பேக்கிங் மேஜையில் நிற்கிறேன். போன வருஷத்திலிருந்து எனக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. உன்னிடம் சொன்னால் நீ மாமாவிடம் மறைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லவில்லை. அந்தச் சிமிழ் எங்கள் கம்பெனி விற்கிற சாமான். தேவிப்ரியா தன் கம்மலைக் கொடுத்து உதவினாள். சிமிழை வாங்கி நானே என் கையால் பேக் பண்ணினேன்.

சிமிழுக்கு உள்ளங்கை அகலப் பெட்டி போதும். அதைத்தான் முதலில் எடுத்தேன். அப்புறம் நாலு பேர் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. சின்னப் பெட்டியை வைத்துவிட்டு ரேக்கில் இருந்ததிலேயே பெரிசை எடுத்தேன். சீர் என்னிடம் இல்லை அக்கா, பெட்டி இருந்தது. பந்தலில் இறக்கும்போது உனக்குப் பெருமையாக இருக்கும், உள்ளே போய் நீ மட்டும் பிரித்தால் புரிந்துகொண்டு மூடிவிடுவாய் என்று நினைத்தேன். எடைச் சீட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. எங்களுக்கு அது தினமும் பார்க்கிற விஷயம்.

மிச்சம் எங்கே என்று கேட்டு உன் கடிதம் வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். எழுதி எழுதிக் கிழித்தேன். அடுத்த கடிதத்தில் மாமா என்னைப் பெரிய மனுஷன் என்றதாக எழுதியிருந்தாய். அப்புறம் எனக்கு வாய் வரவில்லை.

ஒரு வழி இருக்கிறது. தையில் எப்படியாவது ஒரு ஜோடி விளக்கு வாங்கி அனுப்புகிறேன். இரண்டு பெட்டி அனுப்பியதில் ஒன்று குடோனிலேயே தங்கிவிட்டது, இப்போதுதான் கிடைத்தது என்று சொல்லிவிடு. மருமகள் பேரும் தெளிந்துவிடும், நம் மானமும் போகாது. மாமாவுக்கு மட்டும் உண்மை தெரிய வேண்டாம். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

&nbsp;

சின்ன காஞ்சிபுரம்
20.1.2025

தம்பி கோதண்டபாணிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். தேவிப்ரியா காது வெறுமையாக இருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. அவளை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் யோசனை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதை மறைக்க மாட்டேன். யாருக்கும் தலைகுனிவு இல்லாமல் முடிந்துவிடும் என்று சந்தோஷப்பட்டேன். பொங்கல் கழிந்ததும் பாலாஜியைக்கூடக் கூப்பிடாமல் நான் மட்டும் முசரவாக்கம் போனேன். முனுசாமியும் அவர் சம்சாரம் மரியம்மாளும் என்னை வா என்று கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். அவர்கள் கூப்பிடாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சுகாசினி வந்து எதிரில் நின்றாள். இளைத்திருந்தாள். நான் உன் பாட்டை ஒப்பித்தேன். "விளக்கு குடோன்லயே தங்கிப்போச்சாம்மா. இன்னொரு பெட்டியில இருந்துச்சாம். எம்மேலதான் தப்பு, வா வீட்டுக்குப் போவலாம்" என்றேன்.

"ஓசூர் மாமா இப்டி எழுதினாரா அத்தை?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"தீபாவளிக்கு முன்னாடியே நான் அவருக்கு எழுதிட்டேன். உள்ள ஒண்ணும் இல்லன்னு உங்களுக்குத் தெரியும், ஒரு வரி எழுதுங்கன்னு கெஞ்சிக்கினு எழுதினேன். அதுக்கப்பறம்தான் அவரு என்னை மன்னிச்சாரு."

இது எனக்குத் தெரியாது கோதண்டபாணி. சொல்ல வாய் வரவில்லை என்று நீ எழுதினதைப் படித்து நான் உனக்காகப் பரிதாபப்பட்டேன். அவள் உன்னிடம் கேட்டிருக்கிறாள். கேட்ட பிறகும், தெரிந்தே, அவள் தலையில் திருட்டைத் தூக்கி வைத்து மன்னித்திருக்கிறாய். அன்றைக்கு அவள் சூட்கேஸோடு போகும்போது யாரைச் சொன்னாள் என்று இப்போது எனக்கு விளங்கிவிட்டது.

உன் கடிதம் என் பையில் இருந்தது. எடுத்து முனுசாமி கையில் கொடுத்தேன். "சத்தமா படிங்க" என்றேன். அவர் படித்தார். கம்மல் விஷயம் வந்த இடத்தில் மரியம்மாள் ஐயோ பாவம் என்றாள். தன் பெண்ணைத் திருடி என்ற வீட்டுக்காரிக்கு முன்னால் உட்கார்ந்து உன் பெண்டாட்டிக்காக ஐயோ பாவம் என்றாள்! எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

படித்து முடித்ததும் நான் சுகாசினி கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கிளம்பவும் இல்லை.

"இந்தக் கடுதாசி வந்துதுன்னு நம்புறீங்க அத்தை. இது வரலன்னா?" என்று கேட்டாள். "நான் சொன்னேனே, அன்னிக்கே."

அதே கேள்வியை உன்னிடம் கேட்கிறேன். நீயே சொல்.

வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைக்கச் சொன்னாய், முடியாது. அவர் எழுந்து தராசிடம் போனார். "நம்ம தராசு ஒன்றரைன்னு சரியாத்தான் சொல்லிச்சி. அதை விட்டுட்டு எவனோ ஒட்டின சீட்டை நம்பினேன் பாரு" என்றார். அம்மன் கோயில் தெருவில் நின்று, அவளைக் கேட்ட அதே இடத்தில், தான் கேட்டது தப்பு என்று சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். பாலாஜி மறுநாளே முசரவாக்கம் போனான். வாசலோடு பேசி அனுப்பிவிட்டாளாம். அதற்கு நான் அவளைக் குறை சொல்லமாட்டேன்.

அவனிடம் அவள் சொல்லி அனுப்பியது இதுதான்: "எழுதினவரு நேர்ல வரட்டும். எங்க அப்பாவைப் பத்தி உங்க தெரு பேசிச்சில்ல, எங்க தெருவுல வந்து நின்னு அவர் வாயால சொல்லட்டும். அதுக்கப்பறம் வரதா வேணாமான்னு நான் யோசிக்கிறேன்."

அதனால் விளக்கு அனுப்பாதே. பார்சல் எதுவும் அனுப்பாதே. கடிதம்கூட வேண்டாம். தை முடிவதற்குள் நீ கிளம்பி வா. வேலை போய்விடும் என்றால் போகட்டும், வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டில் நானும் உன் மாமாவும் நிற்கிறோம். மூன்று பேருமாகவே முசரவாக்கம் போவோம். பெரிய மனுஷனாக வராதே. தாய்மாமனாக வராதே.

வெறும் கையோடு வா.

அக்கா
சம்பூர்ணம்